8, 16, 32: ரெட்ரோ கேமுக்கு ஐகானை எந்த அளவில் வரைவது?

பழைய பிக்சல் கேம்களின் ரெட்ரோ பாணியில் கேம் செய்ய இறங்கும் சின்னக் குழுக்கள் பெரும்பாலும் முதலில் நாயகனை வரைவார்கள். அப்புறம் எதிரிகள், அப்புறம் தரை, மரம், சுவர். இதயம், சாவி, மருந்துக் குப்பி, நாணயம் போன்ற ஐகான்கள் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகும். அந்த நேரத்தில்தான் திரையில் இடம் போதவில்லை, அல்லது வரைந்தது கண்ணுக்குப் புரியவில்லை என்பது தெரியவரும். பிக்சல் ஓவியத்தில் அளவை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 16 பிக்சலில் வரைந்த வாளை 24-க்கு இழுத்தால் ஒரு பிக்சல் ஒன்றாகவே நிற்கும், பக்கத்துப் பிக்சல் இரண்டாகும், நேரான கோடு பல்லிளிக்கும். அளவு மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டும். அதனால் ஐகானின் அளவை முதல் நாளே முடிவு செய்வது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியிலும் மொபைலிலும் ஓடவேண்டிய, மேலிருந்து பார்க்கும் சாகச வகை கேம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 320×180 திரையும் 16×16 ஐகானும் சரி. எண்ணிக்கை காட்டும் இடங்களில் மட்டும் 8×8 போதும். 32×32 என்பது கடை, பொருள்பை மாதிரி ஆட்டம் நின்றிருக்கும் திரைகளுக்கு, அதுவும் வரைய ஆள் இருந்தால். இது எல்லாக் கேமுக்கும் பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் திரை. ஐகான் அளவு தனியாக நிற்கும் முடிவு இல்லை. கேமின் அடிப்படை ரெசல்யூஷனோடு, அதாவது கேம் வரையப்படும் பிக்சல் அளவோடு, சேர்ந்தே வருவது. 320×180-ஐ 4 மடங்கு பெருக்கினால் 1280×720, 6 மடங்கில் 1920×1080, 8 மடங்கில் 2560×1440, 12 மடங்கில் 3840×2160. எல்லாமே முழு எண். அதனால் ஒவ்வொரு பிக்சலும் ஒரே அளவுச் சதுரமாக நிற்கும். பழைய நின்டெண்டோ கருவியின் 256×240-ஐ அப்படியே எடுத்தால், 1080-ஐ 240-ஆல் வகுக்கும்போது 4.5 வரும். அந்த அரை மடங்கு முதலில் அடிப்பது ஐகான்களைத்தான். நாயகன் உடம்பில் ஒரு பிக்சல் பருத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சாவியின் பல் ஒரு பிக்சல் அகலம் மட்டுமே. அது பருத்தால் சாவி வேறு ஏதோ ஆகிவிடும். 2014-இல் வந்த ஷவல் நைட் பழைய 8-பிட் தோற்றத்தை மிகக் கவனமாகக் கொண்டுவந்த கேம். அவர்களும் பழைய திரையளவை அப்படியே பிடித்துக்கொள்ளவில்லை. அகலத் திரைக்குப் போனார்கள், பேலட்டில், அதாவது கேம் பயன்படுத்தும் நிறத்தொகுப்பில், சில நிறங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பழைய கருவியின் கட்டுப்பாடு ஒவ்வொன்றையும் நாம் சுமக்க வேண்டியதில்லை. எது தோற்றத்தைத் தருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

8×8: அறுபத்து நான்கு புள்ளிகள்

1983-இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்து, பிறகு வெளிநாடுகளில் என்.இ.எஸ். ஆன கருவியின் பின்னணி முழுவதும் 8×8 டைல்களால், அதாவது சின்னச் சதுரத் துண்டுகளால், ஆனது. ஒரு டைலில் பின்னணி நிறம் போக மூன்று நிறங்கள்தான். அதைவிடக் கடினமான கட்டுப்பாடு ஒன்று உண்டு: பின்னணியில் 16×16 பரப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரே பேலட். சிவப்பு இதயத்தையும் மஞ்சள் நாணயத்தையும் அந்தப் பரப்புக்குள் ஒட்டி வைத்தால், இரண்டும் அதே மூன்று நிறங்களைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். சரி, பின்னணிக்கு மேல் தனியாக நகரும் ஸ்ப்ரைட் என்ற படமாக வைத்துத் தப்பிக்கலாம் என்றால், ஒரு கிடைவரியில் 8 ஸ்ப்ரைட்டுக்கு மேல் தெரியாது. உயிரும் பொருள் எண்ணிக்கையும் காட்டும் மேல்பட்டையே அந்த எட்டையும் தின்றுவிடும்.

இந்த நெருக்கடிக்குள் அன்றைய கலைஞர்கள் எடுத்த முடிவுகள் இன்றும் பாடமாக இருக்கின்றன. 1986-இல் வந்த தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா மேல்பட்டையில் ரூபி (அந்தக் கேமின் பணம்), சாவி, வெடிகுண்டு மூன்றுக்கும் ஒவ்வொரு சின்ன ஐகான், பக்கத்தில் எண்ணிக்கை, வலப்பக்கம் இதயங்கள். அவ்வளவுதான். முதல் ஃபைனல் ஃபேன்டஸி ஆயுதத்தின் பெயரோடு வாள், கத்தி, கோடாரி, சுத்தியல் என்று ஒற்றை எழுத்தளவு ஐகானைச் சேர்த்தது. பெயருக்கு இருந்த இடமோ சில எழுத்துகள்தான். "இது வாள்" என்று எழுதும் வேலையை ஐகான் எடுத்துக்கொண்டதால், பெயருக்குக் கிடைத்த எழுத்துகள் அது எந்த வாள் என்பதைச் சொல்லப் போதுமானதாக இருந்தன. 1988-இல் வந்த மெகா மேன் 2-இன் ஆயுதத் தேர்வுத் திரையில் ஆயுதங்களுக்கு ஐகானே கிடையாது. பெரும்பாலும் அந்த ஆயுதத்தைத் தந்த எதிரியின் பெயரின் முதலெழுத்தும் பக்கத்தில் ஓர் ஆற்றல் பட்டையும் மட்டும். வரைந்தால் புரியாத இடத்தில் வரையாமல் விட்டது எனக்குப் பிடித்த முடிவு. இன்றைய கேம்களில் அந்தத் துணிச்சலை அதிகம் காண முடிவதில்லை.

8×8-இல் எது நன்றாக வரும்? இதயம், நாணயம், சாவி, குண்டு, அம்புக்குறி, நட்சத்திரம். ஒரே வெளிவடிவத்தால் அடையாளம் தெரிபவை. இதயத்தையே எடுத்து வரைந்து பார்ப்போம். 7 பிக்சல் அகலம், 6 உயரம். முதல் வரியில் ஓரம் ஒன்று காலி, இரண்டு நிரப்பு, நடுவில் ஒன்று காலி, இரண்டு நிரப்பு, ஓரம் ஒன்று காலி. அடுத்த இரண்டு வரிகள் முழுதாக 7. அப்புறம் 5, 3, 1. ஒற்றைப்படை அகலம் என்பதால் மேலே உள்ள பிளவு ஒரு பிக்சலில் கூர்மையாக விழும், கீழ்முனையும் ஒரு பிக்சலில் முடியும். 8×8 கட்டத்தில் ஒரு நெடுவரிசை காலியாக மிஞ்சுவதால், இதயங்களை வரிசையாக அடுக்கும்போது தானாகவே இடைவெளி கிடைக்கும். இரண்டாவது வரியில் இடமிருந்து இரண்டாவது பிக்சலை மட்டும் வெளிர்நிறமாக்கினால் மினுமினுப்பு வந்துவிடும்.

ஆனால் உங்கள் கேமில் அரை இதயம் உண்டா? உண்டென்றால் 7 சரிவராது. ஏழைப் பாதியாக்கினால் நான்கும் மூன்றும். எது நிரம்பிய பாதி என்று கண் தடுமாறும். அப்போது 8 அகலத்தில் வரைய வேண்டும்: பிளவு இரண்டு பிக்சல், கீழ்முனை இரண்டு பிக்சல், வடிவம் கொஞ்சம் மொண்ணை. பதிலுக்குச் சரிபாதி கிடைக்கும். இடைவெளியை மட்டும் நீங்களே தனியாக விடவேண்டும். ஐகானின் அகலத்தை இங்கே தீர்மானிப்பது ஆட்ட விதி. வரைபவரும் விதி எழுதுபவரும் பேசிக்கொள்ளாத குழுவில் இதைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டிவரும்.

8×8 எங்கே தோற்கும் என்றால், ஒரே இனத்துப் பொருள்களைப் பிரிக்க வேண்டிய இடத்தில். மூன்று வகைக் குப்பி, நான்கு வகை மோதிரம், இரண்டு வகைச் சுருள் என்று வந்துவிட்டால் 64 புள்ளிகளில் பிரித்துக் காட்ட நிறத்தைத் தவிர வேறு வழி இருக்காது. நிறத்தை மட்டும் நம்பிய ஐகான், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களைக் கைவிட்டுவிடும். ஆண்களில் இது அரிதான குறை இல்லை.

16×16: குப்பி குப்பியாகத் தெரியும் இடம்

அளவு இரட்டிப்பானால் புள்ளிகள் நான்கு மடங்காகும்: 256. நடைமுறையில் கிடைப்பது அதைவிட அதிகம், ஏனென்றால் இங்கேதான் அவுட்லைன் போட முடிகிறது. 8×8-இல் சுற்றிலும் ஒரு பிக்சல் கரை போட்டால் உள்ளே 6×6 மட்டும் மிஞ்சும். 16×16-இல் நாலு பக்கமும் ஒரு பிக்சல் காலி விட்டு, அதற்குள் ஒரு பிக்சல் கரை போட்ட பிறகும் உள்ளே 12×12 இருக்கிறது.

உயிர் தரும் மருந்துக் குப்பியை இதில் வரைவோம். ஓரம் போக 14 பிக்சல் உயரம். மேலே தக்கைக்கு 2, குப்பியின் உதட்டுக்கு 1, கழுத்துக்கு 2, வயிற்றுக்கு 9. வயிற்றின் அகலம் கரையோடு 12, உள்ளே 10. மருந்தை விளிம்புவரை நிரப்பக் கூடாது. வயிற்றின் மேல் இரண்டு வரியைக் காலிக் கண்ணாடியாக விட்டால்தான் உள்ளே இருப்பது திரவம் என்று புரியும். மருந்துக்கு மூன்று சாயல் போதும்: நடுநிறம், வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் இருட்டு, மேல்வரியில் வெளிர். இடப்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு பிக்சல் வெள்ளை வைத்தால் கண்ணாடி பளிச்சிடும். நான்காவது சாயல் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் ஆட்ட வேகத்தில் எல்லாம் கலங்கிச் சேறாகத் தெரியும்.

அடுத்து விஷக் குப்பி. இதே உருண்டைக் குப்பியைப் பச்சையாக்கி வேலையை முடிப்பதுதான் வழக்கம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விஷத்துக்கு ஒடுங்கிய, தோள் சதுரமான, 8 பிக்சல் அகலக் குப்பி கொடுங்கள். பிறகு இரண்டையும் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் எது எது என்று தெரிந்தால் ஐகான் தேறிவிட்டது. இந்த வடிவ வேறுபாட்டுக்கு 16×16 தாராளமாக இடம் தருகிறது, 8×8 தருவதில்லை. என் முடிவுக்கு முதற்காரணம் இதுதான். ஆடுபவர் ஐகானை ரசிக்கப் பார்ப்பதில்லை. எதிரி துரத்தும்போது ஓரக்கண்ணால் ஒரு நொடிக்குள் பார்க்கிறார். அந்த நொடியில் கண்ணுக்குப் போய்ச்சேர்வது முதலில் வெளிவடிவம், அப்புறம் நிறம். உள்ளே இருக்கும் நகாசு வேலை போய்ச்சேர்வதே இல்லை.

வாள், கோல், அம்பு போன்ற நீளப் பொருள்களை இந்த அளவில் மூலைக்கு மூலை சாய்வாக வரையுங்கள். நேராக நிறுத்தினால் இரண்டு பக்கமும் வெற்றிடமாகக் கிடக்கும். பிக்சலில் பிசிறில்லாமல் எளிதாக வரும் சாய்வுகள்: ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று. மற்றப் பெரும்பாலான கோணங்களில் படிக்கட்டு ஒழுங்கில்லாமல் விழும்.

திரைக் கணக்கும் 16-க்குத்தான் சாதகம். கீழே எட்டுப் பொருள் வைக்கும் பட்டை வேண்டும் என்று வையுங்கள். 16 பிக்சல் ஐகான், இருபுறமும் 2 பிக்சல் விளிம்பு, ஆக ஓர் அறைக்கு 20. எட்டுக்கு 160, திரையின் சரிபாதி. 32 பிக்சல் ஐகான் என்றால் அதே விளிம்போடு அறைக்கு 36, எட்டுக்கு 288. 320-இல் 288 போனால் திரையின் அடிப்பகுதியே மறைந்துவிடும். 8 பிக்சல் என்றால் 96-இல் முடியும், இடம் மிச்சம், ஆனால் பொருள் தெரியாது. எரிக் பரோன் தனியாளாக உருவாக்கி 2016-இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலியைப் பாருங்கள். விதை, காய்கறி, மீன், கல் என்று குவியும் பொருள்களுக்கெல்லாம் 16×16 ஐகான்தான், திரையில் நான்கு மடங்காகப் பெருக்கிக் காட்டப்படுகிறது. ஒரே இனத்தில் பத்துப் பதினைந்து பொருள் இருந்தும் பிரித்தறிய முடிகிறது.

32×32: அழகு, ஆனால் யாருக்கு?

1,024 புள்ளிகள். இங்கே வாளின் பிடியில் தோல் சுற்றியிருப்பதைக் காட்டலாம், சுருளில் எழுத்து வரிகளைக் காட்டலாம். வரைபவருக்கு மகிழ்ச்சியான அளவு. ஒரு 16×16 ஐகானுக்கு ஆகும் நேரத்தில் 32×32 முடியாது. நிழல், ஒளி, பொருளின் தன்மை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த அளவின் பெரிய முன்னோடி கேம் இல்லை, கணினி. 1984-இல் ஆப்பிளின் மேகின்டாஷுக்காக சூசன் கேர் வரைந்த ஐகான்கள் 32×32 கட்டத்தில், கறுப்பு வெள்ளை இரண்டே நிறத்தில் அமைந்தவை. ஆனால் அந்தத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல். ஆக ஐகானின் அகலம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். அதே 32 பிக்சலை 2022-இல் வெளிவந்த பிளேடேட் கைக்கருவியில் வைத்தால் என்ன ஆகும்? அதன் திரை 2.7 அங்குலம், 400×240, அதுவும் கறுப்பு வெள்ளைதான். அங்குலத்துக்கு 173 பிக்சல். 32 பிக்சல் ஐகான் 5 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. 16 பிக்சல் ஐகான் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். பிளேடேட்டுக்குக் கேம் செய்பவரிடம் நான் 16-ஐப் பரிந்துரைக்கவே மாட்டேன். அங்கே 32தான் தொடக்கம். பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, கையில் பிடிக்கும் திரையில் அது எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து முடிவெடுப்பது சரி.

320×180 கேமில் 32-க்கு இடம் உண்டு: கடைத் திரையில் வாங்கப்போகும் ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டும் இடம், புதையல் பெட்டி திறந்து கிடைத்ததைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் காட்சி. அந்த நேரம் ஆடுபவர் நின்று பார்க்கிறார், அவசரமில்லை. ஒரே பொருளை 16-இலும் 32-இலும் தனித்தனியாக வரைய வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றைச் சுருக்கினால் வராது. அதற்கு நேரமில்லையென்றால் 16-ஐயே முழுமடங்கில் இரண்டாகப் பெருக்கிக் காட்டுங்கள். பிக்சல் பெரிதாகத் தெரியும், ஆனால் நேர்மையாகத் தெரியும். ஒரே திரையில் இரண்டு அளவுப் பிக்சல் கலப்பதை ஏற்காத தூய்மைவாதிகள் உண்டு. ஆட்டம் நின்றிருக்கும் திரையில் அது உறுத்துவதில்லை என்பது என் கருத்து.

கேம் பிக்சலில், ஐகான் வழவழப்பாக?

நான்காவது வழி ஒன்று இருக்கிறது. கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்துவிட்டு, மேலே வரும் எழுத்தையும் ஐகானையும் திரையின் முழு ரெசல்யூஷனில் வரைவது. 2018-இல் வந்த செலஸ்ட் இதற்கு நல்ல உதாரணம்: ஆட்டம் 320×180 பிக்சல், பேசும் பாத்திரங்களின் முகங்களும் எழுத்தும் கூர்மையான முழு ரெசல்யூஷன். அங்கே அது அழகாக ஒட்டிப்போகிறது, ஏனென்றால் முகங்களுக்கென்றே ஒரு தனி ஓவியப் பாணியைப் பிடித்திருக்கிறார்கள்.

ஐகானுக்கு இந்த வழியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். தரையில் கிடக்கும் சாவி பிக்சல், அதை எடுத்ததும் பட்டையில் வருவது வழவழப்பான சாவி என்றால் இரண்டும் வேறு பொருள் மாதிரி ஆகிவிடும். எழுத்துக்கு மட்டும் இந்த வழியை மனதாரப் பரிந்துரைப்பேன், அதிலும் தமிழில் கேம் செய்பவர்களுக்கு. ஆங்கிலப் பெரிய எழுத்து 5×7 கட்டத்தில் அடங்கிவிடும். நம் எழுத்து அடங்காது. மூன்றுசுழி ண-வை எடுங்கள்: ஒரு சுழிக்குள் ஒரு பிக்சல் ஓட்டை தெரிய வேண்டுமென்றால் சுழிக்குக் குறைந்தது மூன்று பிக்சல் வேண்டும், மூன்று சுழியும் கடைசிக் கோடும் சேர்ந்தால் 8 பிக்சலைத் தாண்டிவிடும். சுருக்கினால் இரண்டுசுழி ன-வோடு குழம்பும். மேலே கொக்கியும் புள்ளியும், கீழே உகர வளைவும் ஏறினால் உயரமும் போதாது. அதனால் எழுத்தைத் தெளிவான எழுத்துருவில் முழு ரெசல்யூஷனில் வைத்துவிட்டு, பட்டையில் சொல்ல வேண்டியதையெல்லாம் ஐகானையும் எண்ணையும் கொண்டு சொல்வது தமிழ் கேமுக்கு இயல்பான வழி. ஆங்கிலக் கேமில் ஓர் ஐகான் சரியில்லாவிட்டால் பக்கத்தில் நான்கெழுத்துச் சொல்லை வைத்துச் சமாளிக்கலாம். நமக்கு அந்த வசதி குறைவு. ஐகான் தானாக நின்று பேச வேண்டும்.

தயாராகக் கிடைப்பவை பற்றியும் ஒரு வார்த்தை. கேம் ஓவியங்களை இலவசமாகத் தரும் கென்னி வெளியிட்டிருக்கும் ஒரு-பிட் (இரு நிற) தொகுப்பு 16×16 அளவில், சிசி ஜீரோ உரிமத்தில் கிடைக்கிறது. பெயர் குறிப்பிடாமலே பயன்படுத்தலாம், மாற்றலாம். முன்மாதிரி செய்ய இதைவிட நல்லது கிடையாது. கேம்-ஐகான்ஸ் தளத்தில் ஆயிரக்கணக்கான ஐகான்கள் இருக்கின்றன. வரைந்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு இலவசம். ஆனால் அவை பிக்சலால் அல்லாமல் கோடு, வளைவுகளால் ஆன வெக்டர் ஓவியங்கள். 16 பிக்சலுக்குச் சுருக்கினால் ஓரமெல்லாம் சாம்பலாகக் கலங்கும். கருத்துக்கு அங்கே போய்ப் பார்த்துவிட்டு, கையால் பிக்சலில் வரைவதுதான் வழி. முழுக் கேமையும் தயார் ஐகானில் வெளியிடுவதை நான் விரும்புவதில்லை. நாயகனை வரைந்த அதே கையும் அதே பேலட்டும் ஐகானில் தெரிந்தால்தான் கேம் ஒரே உலகமாக நிற்கும்.

ஒரு சின்ன நினைவூட்டல்: எவ்வளவு கவனமாக வரைந்தாலும், கேம் உருவாக்கும் மென்பொருளில், அதாவது கோடோவில் டெக்ஸ்சர் ஃபில்டரை நியரஸ்ட் என்றும், யூனிட்டியில் ஃபில்டர் மோடைப் பாயிண்ட் என்றும் வைத்து கம்ப்ரெஷனை நிறுத்தாவிட்டால் ஐகான் மங்கித்தான் வரும்.

மொபைலில் விரல் கணக்கு

கடைசியாக, மொபைலில் ஐகான் சில நேரம் பொத்தானாகவும் வேலை செய்யும். 6.5 அங்குல, 20:9 போனைக் குறுக்காகப் பிடித்தால் திரை உயரம் ஏறத்தாழ 68 மில்லிமீட்டர். அதில் 180 வரிகள் என்றால் ஒரு கேம் பிக்சல் 0.38 மில்லிமீட்டர். 16 பிக்சல் ஐகான் 6 மில்லிமீட்டர். பார்க்கப் போதும், தொடப் போதாது. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் தொடும் இடத்துக்குச் சொல்லும் 48 டிபி (திரையின் பிக்சல் அடர்த்தியைச் சாராத அளவு அலகு) என்பது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். நம் கணக்கில் அது 24 பிக்சல். ஐகானை 24-க்கு வரைய வேண்டியதில்லை. 16×16 ஐகானைச் சுற்றி நாலு பக்கமும் 4 பிக்சல் சட்டம் வைத்து, சட்டம் முழுவதையும் தொடும் இடமாக்கினால் சரியாக 24 வந்துவிடும். இதே சட்டம் இன்னொரு வேலையும் செய்யும்: இருட்டுக் குகைக் காட்சியில் கறுப்புக் கரை போட்ட ஐகான் பின்னணியில் கரைந்துபோகாமல் பிடித்துவைக்கும்.

இந்த 4 பிக்சல் சட்டத்தை மொபைல் பதிப்பில் மட்டும் வையுங்கள். எட்டுப் பொருள் பட்டை இங்கே 192 பிக்சலாகும். இரண்டு கட்டைவிரலும் நிற்கும் ஓரங்களை விட்டு நடுவில் வைத்தால் இடம் இருக்கிறது. ஆனால் எட்டை ஆறாகக் குறைக்க முடியுமா என்று ஆட்ட விதி எழுதுபவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆறென்றால் 144. முழுத் தொகுப்பையும் வரையத் தொடங்கும் முன் ஒன்றோடொன்று குழம்பக்கூடிய நான்கை மட்டும் முதலில் வரையுங்கள்: மருந்து, விஷம், சாவி, வாள். அவற்றை உண்மையான ஆட்டக் காட்சியின் மேல் வைத்து, உங்களிடம் இருக்கும் மிகச் சிறிய போனில் திறந்து, கேமைப் பார்த்தேயிராத ஒருவரிடம் கை நீளத் தூரத்தில் காட்டிக் கேளுங்கள். அவர் தயங்கும் ஐகானின் நிறத்தைத் தொடாமல் வெளிவடிவத்தை மாற்றி மறுபடி காட்டுங்கள்.